ஆறு டிரம் பழத்தண்ணி

வெள்ளிமலை
12-9-2025

அருள்மொழிக்கு,

கமலா அக்கா எழுதுகிறேன். பத்து முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. எடுக்காததும் ஒரு விதத்தில் நல்லதுதான். இனி நம் இருவருக்கும் போனில் பேச்சே வேண்டாம் என்று சங்கத்து வக்கீல் சொல்லிவிட்டார். யார் யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்பதையெல்லாம் போலீஸ் எடுத்துவிடுமாம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துக்குப் பிறகு இப்போதுதான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். கை வலிக்கிறது.

நீ மூங்கில்துறைப்பட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய் என்று ஜீப் ஓட்டும் பாவாடை சொல்லித்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். திராட்சைச் சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஆறு வருஷம் ஒரே கூடையில் கைவிட்டுப் பழம் பிரித்தவர்கள் நாம்.

முனியனைப் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு பதினைந்து நாள். சங்கம் உன் வீட்டுக்காரனைக் கைவிடாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள். ஆனால் அவனும் கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம். போலீஸ் வந்து நிற்கும்போது டிரம்மைக் காட்டி "ஊறல்" என்று ஒருத்தன் சொல்வானா? சாராயம் காய்ச்சுகிறவன் வெல்லத்தைக் கரைத்து ஊறப்போடுவதற்குத்தான் ஊறல் என்று பெயர். கள்ளக்குறிச்சியில் அத்தனை சாவு விழுந்த பிறகு, இந்த மலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கு வேறு நினைப்பு வரும்? நாம் போடுவது திராட்சை ஒயின். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிப் போடுகிறோம். நொதிக்க வைத்த பழச்சாறு என்று சொல்லியிருந்தால் அவர்களும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள்.

மேல் ஷெட்டில் இருந்த ஆறு டிரம்மும் சங்கத்துடையது இல்லை என்று தலைவர் சுப்புராயன் போலீசிடம் சொன்னது உனக்குக் கோபமாக இருக்கும். அந்த நேரத்தில் வேறு வழியில்லை. ஏன் என்று நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

இன்னொன்று. கீழ்க் கட்டடத்துப் பெரிய டேங்கில் சாற்றை வடிக்க வேண்டிய நாள் தாண்டிக்கொண்டிருக்கிறது. வடிதுணிகளை முனியன் எங்கே வைத்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. பாவாடையிடம் அரை மூட்டை அரிசி கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

கமலா அக்கா


மூங்கில்துறைப்பட்டு
20-9-2025

கமலா அக்காவுக்கு,

வடிதுணி, மாடிப்படிக்குக் கீழே தகரப் பெட்டியில் இருக்கிறது. வேப்பிலை போட்டு மடித்து வைத்திருப்பார். பூட்டு ரிப்பேர், இரண்டு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும்.

அரிசி வந்தது. திருப்பி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அரிசி இல்லை. சமைத்துவிட்டோம்.

அவர் ஊறல் என்று சொன்னதாக உங்களிடம் யார் சொன்னது? நான் பக்கத்தில் நின்றேன். விடிகாலை ஐந்தரை மணி. டிரம்மில் பழத்தோல் மேலே ஏறிவிடும் என்று அவர் துடுப்புக் கட்டையால் அமுக்கிக்கொண்டிருந்தார். எட்டுப் பேர் வந்தார்கள்.

"இன்னாடா இது?"

"பழத்தண்ணி சார். பன்னீர் திராட்ச. சங்கத்துது. கீழ டேங்கு ரொம்பிடுச்சி, மிச்சத்த இங்க ஊத்தி வெச்சிருக்குது."

"சங்கத்துதுன்னா பேப்பர் எங்க?"

"கமலாக்காவாண்ட இருக்குது சார்."

இவ்வளவுதான் பேச்சு. சட்டைப்பையிலிருந்து சங்கத்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். ஒருவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டார். டிரம்களை எட்டி உதைத்துக் கவிழ்த்தார்கள். ஷெட்டிலிருந்து பந்தல் வரைக்கும் சிவப்பாக ஓடியது. எங்கள் செருப்பில் இன்னும் அந்தக் கறை போகவில்லை.

ஊறல் என்ற சொல் அவர் வாயில் வராது அக்கா. உங்களுக்குத் தெரியாதா? அவர் அப்பா சடையன் ஊறல் போட்டு, போலீஸ் துரத்தியதில் பாறையில் விழுந்து கால் போனவர். இவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகாது. கூலியாட்கள் யாராவது பேச்சுவாக்கில் சொன்னால்கூட விடமாட்டார். "பழத்தண்ணின்னு சொல்லு. நம்ம வயித்துல நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கக் கூடாது" என்பார். நீங்களே அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள்.

அவரை ஜீப்பில் ஏற்றிக் கீழ்க் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள், நானும் பின்னாலேயே ஓடிவந்தேன். தலைவர், எங்களுடையது இல்லை என்றார். அடுத்தது உங்களைக் கேட்டார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எந்தப் பக்கம் ஆட்டினீர்கள் என்று ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரியவில்லையாம். எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு காகிதம் போதும். அந்த ஆறு டிரம்மும் சங்கத்துடையவை, முனியன் எங்கள் ஆள், நாங்கள் சொல்லித்தான் அங்கே வைத்தான் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் வெளியே வந்துவிடுவார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அருள்மொழி


வெள்ளிமலை
29-9-2025

அருள்,

வடிதுணி கிடைத்தது. சாற்றை வடித்தாயிற்று. கொஞ்சம் நாள் கடந்துவிட்டதால் துவர்ப்பு ஜாஸ்தியாகிவிட்டது. பார்ப்போம்.

நீ கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். ஒயின் போட நமக்குக் கொடுத்திருக்கும் உரிமத்தில் கீழ்க் கட்டடம் மட்டும்தான் இருக்கிறது. மேல் ஷெட் அதில் இல்லை. இந்த ஆவணியில் காய்ப்பு அதிகமாகி இரண்டு டேங்கும் நிரம்பிவிட்டன. பழம் அழுகப்போகிறதே என்ற பதைப்பில் மிச்சத்தை மேலே வைக்கச் சொன்னது செயலாளரான நான்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை எழுதிக் கொடுத்தேன் என்றால், உரிமம் இல்லாத இடத்தில் சங்கமே போட்டது என்றாகிவிடும். அன்றைக்கே கீழ்க் கட்டடத்துக்கும் சீல் வைப்பார்கள்.

அறுபத்து நான்கு குடும்பம் அருள். கரும்பை அழித்துவிட்டுக் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டவர்கள். என் மாமனார் ஊரான ரிஷிவந்தியத்திலிருந்து என்னை நம்பி நிலத்தைக் கொடுத்தவர்கள் அதில் பதினெட்டுப் பேர். என் நாலு ஏக்கரும் அதில்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. கட்டடத்தைப் பூட்டினால் இந்தப் பழத்தை யார் வாங்குவார்கள்? இத்தனை பேரை நடுத்தெருவில் நிறுத்துவதா, முனியன் ஒருத்தன் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதா என்று நீயே யோசித்துப் பார்.

மேல் ஷெட்டையும் உரிமத்தில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அது வந்துவிட்டால் நான் எங்கே வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போடுவேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அவன் உள்ளே இருப்பது எனக்கு மட்டும் சந்தோஷமா? நேற்று டேங்க் பக்கம் போனேன். துடுப்புக் கட்டையைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கமலா


மூங்கில்துறைப்பட்டு
11-10-2025

கமலா அக்காவுக்கு,

கடலூர் ஜெயிலுக்குப் போய் அவரைப் பார்த்து வந்தேன். மூன்று பஸ் மாறினேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "கீழ டேங்குல தோல அமுக்கறது யாரு?" என்றார். இரண்டாவது, "மார்கழிக் கவாத்துக்கு மேல் சரிவுல கொடியில மூணு மொட்டுக் கண்ணு வுட்டு வெட்டச் சொல்லு. தெரியாதவன் ரெண்டோட நிறுத்திடுவான்" என்றார். உங்களிடம் சொல்லிவிட்டேன். வெட்டுகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஜாமீன் தள்ளிப்போய்விட்டது என்றேன். அதற்கு அவர், "கமலாக்கா வரும். பேப்பர தேடிக்கினு இருக்கும். அதுக்கும் எவ்ளோ வேல" என்றார். உங்கள் கடிதத்தில் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் இலவச வக்கீல் கேஸ் கட்டைக் காட்டினார். அதில் போனில் வந்த ஒரு செய்தியின் படம் இருக்கிறது. "மேல் ஷெட்டில் ஆறு டிரம் ஊறல் இருக்கிறது. முனியன் பார்த்துக்கொள்கிறார். யாரும் போய்க் கிளற வேண்டாம்." அனுப்பியவர் பெயர் வருகிற இடத்தை வெட்டிவிட்டு யாரோ போலீசிடம் கொடுத்திருக்கிறார்கள். முனியனே எழுதினதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் தன்னைத்தானே "பார்த்துக்கொள்கிறார்" என்று எழுதுவாரா? அவருக்குப் போனில் எழுதவே வராது.

அது நம் சங்கத்து வாட்ஸப் குழுவில் முந்தின நாள் சாயங்காலம் வந்த செய்தி. நான் படித்திருக்கிறேன். போலீஸ் வந்த அன்று காலை ஆறே காலுக்கு அது அழிக்கப்பட்டது. "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது. யார் பெயருக்குக் கீழே நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபத்து நான்கு பேர் போனிலும் அந்த வரி இருக்கிறது. அத்தனை பேரும் படித்தார்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊறல் என்று சொன்னது யார் அக்கா?

அருள்மொழி


வெள்ளிமலை
15-10-2025

அருள்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. என்னை மிரட்டுகிறாயா?

கொட்டும் மழையில் களை வெட்டிக்கொண்டிருந்தவளை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவேடு எழுதச் சொன்னது யார்? வேண்டாம், அவள் எதிரில் நாங்கள் எப்படி உட்காருவது என்று மலைக்குக் கீழே இருந்து வந்த கீழூர் உறுப்பினர்கள் முறைத்தபோது, அவள் உட்காருவாள், இஷ்டமில்லாதவர்கள் நில்லுங்கள் என்று சொன்னது யார்? அதையெல்லாம் யாருடைய போனில் தேடுவாய்?

ஆளாளுக்கு என்னைத்தான் கேள்வி கேட்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல என்னால் முடியாது. வக்கீலைப் பார்த்துச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

தீபாவளிக்குத் துணி எடுத்து வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

கமலா


மூங்கில்துறைப்பட்டு
3-11-2025

திராட்சை உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அம்மா அவர்களுக்கு,

நாற்காலியில் உட்காரவைத்தது நீங்கள்தான். அதை நான் மறுக்கவில்லை. அதற்கு இதுதான் விலை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் களையே வெட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

வக்கீல் சொல்வது இது. சங்கத்திலிருந்து யாரும் வந்து சொல்லாவிட்டால் கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை ஜாமீன் கஷ்டம். குற்றத்தை ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் போடுவார்கள், உள்ளே இருந்த நாளைக் கழித்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சாராய ஊறல் போட்டவன் என்று எழுதினது எழுதினதுதான். சாகிற வரைக்கும் அழியாது.

அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். "எங்கப்பன் கேஸ நான் எதுக்கு வாங்கிக்கணும்" என்கிறார். உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

வாய்தா டிசம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, கள்ளக்குறிச்சி கோர்ட். உங்களைக் கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. தேதி தெரியாது என்று பிறகு நீங்கள் சொல்லக் கூடாது.

மு. அருள்மொழி


வெள்ளிமலை
28-11-2025

அருள்,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நான்தான் எழுதினேன். ஊறல் என்று எழுதினது நான்தான். முனியன் வாயில் அந்தச் சொல் வராது என்றும் எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் அவன்மேல் பழியைப் போட்டது, அவன் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற நப்பாசையில். அவனும் சொல்லியிருந்தால் நான் எழுதினதற்குப் பாதி பாரம் குறையும் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலம் என்று இப்போது தெரிகிறது.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீ கேட்பாய். பயிற்சி கொடுக்க வந்தவர்கள் நொதித்தல் நொதித்தல் என்று பாடம் எடுத்தார்கள். அந்தச் சொல் எனக்கு ஒரு நாளும் நாக்கில் உட்காரவில்லை. மலையில் கூலியாட்கள் ஊறல் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுதான் வந்தது. முதல் வருஷம் நானே அதைச் சொல்லாதீர்கள் என்று சத்தம் போட்டவள். ஆறு வருஷத்தில் நானும் மலைக்காரியாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தச் சாயங்காலம் களைப்பில் போனை எடுத்து யோசிக்காமல் தட்டிவிட்டேன். உறுப்பினர்களில் யாரோ ஒருத்தர் அதைப் படம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். யாரென்று எனக்குத் தெரியாது. சங்கத்தில் எனக்கும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள்.

அன்று காலை பாவாடை ஓடிவந்து "அக்கா, மேல போலீஸ் பூந்துடுச்சி" என்றதும் நான் செய்த முதல் காரியம் அந்தச் செய்தியை அழித்தது. முனியன் என்ன ஆனான் என்று இரண்டாவதாகத்தான் கேட்டேன்.

காகிதத்தை எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. சுப்புராயனுக்குத் தெரியாது. ஒன்பதாம் தேதி பத்தரைக்கு நான் கோர்ட்டில் இருப்பேன். முனியனிடம் சொல். ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

கமலா அக்கா


மூங்கில்துறைப்பட்டு
12-12-2025

செயலாளர் அம்மா,

சொன்னேன். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போய், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கடைசிப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்ல, அக்கா வரும்" என்றார். நூறு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தார்.

நீங்கள் வரவில்லை.

கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்தீர்களாம். பாவாடைதான் கொண்டுவந்து விட்டாராம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்தீர்களாம். ஒரு போன் வந்ததாம். பேசிவிட்டு, "வண்டியத் திருப்பு, தலைவலிக்குது" என்றீர்களாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட் எவ்வளவு தூரம் என்று நான் அன்றைக்கு நடந்து பார்த்தேன். உங்கள் வயதுக்கும் அது ஒன்றும் பெரிய நடை இல்லை.

அவரை நிறுத்தியிருந்த இடத்திலிருந்து வாசல் தெரியும். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டரை மணிக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மறுபடியும் வாசலைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"ஒத்துக்கிறியா?" என்று கேட்டார்கள்.

"ஒத்துக்கறங்க."

"எத ஒத்துக்கிற? வாயத் தொறந்து சொல்லு."

"ஊறல் என்னுதுங்க" என்றார்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மூன்று மாதம் போட்டார்கள். அதற்கு மேலேயே உள்ளே இருந்துவிட்டதால் கழித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். மறுநாள் அழைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.

இனி எழுதாதீர்கள்.

அருள்மொழி


வெள்ளிமலை
19-1-2026

அருள்,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்று போன் செய்தது சுப்புராயன். எப்படியோ தெரிந்துகொண்டார். "கமலா, நீ கோர்ட் படி ஏறுன அடுத்த நிமிஷம் ஆபீஸ்ல நம்ம விண்ணப்பத்த தூக்கிக் குப்பைல போட்ருவாங்க. அறுவத்தி நாலு வூட்டு வயித்தெரிச்சல தனியா நீயே வாங்கிக்க" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், அறுபத்து நான்கு வீட்டை நான் நினைக்கவில்லை. ரிஷிவந்தியத்தில் என் மாமனார் வீட்டு வாசலில் பதினெட்டுப் பேர் வந்து நின்று என்னைக் கேட்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பயந்துவிட்டேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

போன வாரம் உரிமம் வந்துவிட்டது. மேல் ஷெட்டும் அதில் இருக்கிறது. எவர்சில்வர் டேங்க் இரண்டு ஏற்றி வைத்தாயிற்று. கீழே வடித்த ஒயினையும் பாட்டிலில் அடைத்தாயிற்று. துவர்ப்பாக இருக்கிறது என்று பயந்தேன், வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

இதோடு நான் எழுதிய காகிதத்தை வைத்திருக்கிறேன். ஆறு டிரம்மும் சங்கத்துடையவை, என் உத்தரவில் வைத்தவை என்று இருக்கிறது. அப்பீல் போட இது உதவும் என்கிறார்கள். தேதி மட்டும் இப்போதைய தேதியாகப் போட்டிருக்கிறேன். உரிமம் வந்த பிறகு எழுதியதாக இருந்தால் சங்கத்துக்கு அவ்வளவு பாதிப்பு வராது என்று வக்கீல் சொன்னார்.

முனியனை வேலைக்குத் திரும்ப எடுக்க வழியில்லை. தண்டனை பெற்றவர்களைச் சங்க வேலையில் வைக்கக் கூடாது என்று விதி. நீக்கிய கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உனக்கு அந்த விதி கிடையாது. உன் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. வா. கவாத்தும் சரியாக வரவில்லை. மேல் சரிவில் இரண்டு கண்ணோடு வெட்டிவிட்டார்கள், நான் சொல்ல மறந்துவிட்டேன்.

உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் வா.

கமலா அக்கா


வெள்ளிமலை
22-2-2026

கமலா அம்மாவுக்கு,

முகவரியைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு நாங்கள் மலைக்கே வந்துவிட்டோம். மாமனார் விட்டுப்போன வீட்டில் இருக்கிறோம். நீங்கள் மூங்கில்துறைப்பட்டுக்குப் போட்ட கடிதம் சுற்றிக்கொண்டு இங்கே வந்தது. உங்கள் கட்டடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தால் அரை மணி. இருந்தாலும் தபாலில்தான் எழுதுகிறேன். உங்கள் எதிரில் நின்றால் பழக்கத்தில் அக்கா என்று வாயில் வந்துவிடும்.

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். வக்கீலிடம் காட்டினேன். "ஒத்துக்கினு தண்டன வாங்குன கேஸ்ல இப்ப இத வெச்சி ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வக்கீல் சொல்லிப் போட்ட தேதி உங்களுக்குத்தான் உதவும்.

நாற்காலியும் வேண்டாம். அவரைப் பதிவேட்டில் அடித்துவிட்டு அதே பதிவேட்டில் நான் உட்கார்ந்து எழுதுவேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

அவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பந்தல் வேலை கேட்டு நாலு தோட்டத்துக்குப் போனார். எல்லாரும் சங்கத்து உறுப்பினர்கள்தான். "நீ நல்லவன்தான் முனியா, எங்களுக்குத் தெரியாதா, ஆனா கேஸ் ஆன ஆளு" என்றார்கள். மலையில் எங்கே டிரம் பிடித்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். இரண்டு தடவை வந்துவிட்டார்கள்.

அவர்களாவது பரவாயில்லை, பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குடிக்க வருகிறவர்கள் போவதில்லை. வந்த நாலாம் நாளே ஒருத்தன் வந்தான். "இன்னாண்ணே, சரக்கு இருக்குதா?" என்றான். இவர் அடிக்கப் போனார். அடுத்த நாள் இரண்டு பேர். "இல்லப்பா, நான் அந்த ஆளு இல்ல" என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். "நீயே கோர்ட்ல ஒத்துக்கினியாமே, எங்களாண்ட மட்டும் இன்னா மறைக்கிற" என்று சிரித்தார்கள். தினமும் யாராவது வருகிறார்கள். கோபப்பட்டார், கெஞ்சினார், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். மெள்ளப் பேச்சே கம்மியாகிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் வந்தவனிடம், "அடுத்த வாரம் வா" என்றார்.

அவன் போன பிறகு, "இன்னா சொல்லி அனுப்புன?" என்று கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"பழத்தண்ணின்னேன், ஒருத்தனும் நம்பல. சங்கத்துதுன்னேன், நம்பல. அக்கா வரும்னேன், அதுவும் இல்லன்னு ஆச்சி. ஊறல் என்னுதுன்னேன் பாரு, அத ஒண்ணத்தான் அருளு எல்லாரும் நம்புனாங்க."

இன்று காலை கடைக்குப் போய்ப் பத்துக் கிலோ வெல்லம் வாங்கி வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அருள்மொழி